21 இலக்க எண்ணில் கை வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரணி பிரிக்கக் கற்க வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது 2-இன் 67-ஆம் அடுக்கில் 1 குறைந்த எண்: 147573952589676412927. 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இதைப் பகா எண் என்று எழுதிவைத்தார். 1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் அது தவறு என்று நிறுவினார். ஆனால் ஒரு காரணிகூட அவர் கையில் சிக்கவில்லை. 1903-இல் நியூயார்க்கில் கோல் என்ற கணித அறிஞர், வாய் திறக்காமல் கரும்பலகையில் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கிக் காட்டினார்.

கூட்டல் பிழை, கவனப் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவை தானாகவே சரியாகிவிடும்.

எண்ணைச் சிதைத்துவிட்டு ஆராய்வது

போன வாரமும் இதே கதைதான். மாணவி ஒருவர் எண்ணை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒட்டினார். அது முதல் 15 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பூஜ்யமாக்கியது: 147573952589676000000. இலக்கங்களைக் கூட்டினார், 84 வந்தது. "3-ஆல் வகுபடுது சார்" என்றார். உண்மையான கூட்டுத்தொகை 109. வகுபடாது. ஒற்றைப்படை எண் ஒன்று ஆறு பூஜ்யத்தில் முடிவதை அவர் கவனிக்கவே இல்லை.

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. நான் செய்தது இதைவிட மோசம். மாணவனாக இருந்தபோது எழுதிய நிரலில் இந்த எண்ணை 'டபுள்' என்ற தசம எண் வகை மாறியில் வைத்தேன். அதில் எண்ணின் இலக்கங்களுக்கு 53 பிட் (இரும இலக்கம்) இடம்தான் உண்டு. 67 பிட் எண்ணை அது அருகிலிருந்த 2-இன் 67-ஆம் அடுக்காகவே மாற்றிவிட்டது. அந்த அடுக்கை எந்த ஒற்றைப்படை எண்ணாலும் மீதியின்றி வகுக்க முடியாது. நானோ 3-இல் தொடங்கி ஒற்றைப்படை எண்களாகவே வகுத்துக்கொண்டிருந்தேன். 193707721 வந்தபோதும் மீதி 1 என்று கணக்கிட்டு நிரல் தாண்டிப் போயிருக்கிறது. இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் "காரணி இல்லை" என்று நோட்டில் எழுதினேன். அந்தப் பக்கத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும்.

பிழைச் செய்தி ஒன்றும் வராது என்பதுதான் இதில் ஆபத்து. பைத்தான் நிரல்மொழி முழு எண்களை எவ்வளவு பெரிதானாலும் அப்படியே வைத்திருக்கும். அங்கும் வகுக்கும்போது ஒற்றைச் சாய்கோடு போட்டால் தசம எண்ணாகி இலக்கம் பறிபோகும். இரட்டைச் சாய்கோடு போடுங்கள். வேலை தொடங்குமுன் எண்ணை அச்சிட்டுக் கடைசி ஆறு இலக்கங்களைப் பாருங்கள். இங்கே 412927 வர வேண்டும்.

எண்ணின் அமைப்பைப் பயன்படுத்தாதது

67 பகா எண் என்பதால், இதன் காரணி எதுவானாலும் 134-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும். 193707721 என்பது 134 × 1445580 + 1. சுமார் பத்துக் கோடி ஒற்றைப்படை எண்களைத் துழாவுவதற்குப் பதில் பதினான்கரை லட்சம் படியில் வேலை முடியும்.

ஃபெர்மா சோதனையில் தேறியதும் பகா எண் என்று அறிவிப்பது

n ஒற்றைப்படைப் பகா எண் என்றால், 2-இன் (n−1)-ஆம் அடுக்கை n-ஆல் வகுக்க மீதி 1 வரும்; அதைப் பார்ப்பதுதான் 2-ஐ அடியாக வைத்த ஃபெர்மா சோதனை. 341-ம் அதில் தேறும். அது 11 × 31.

வர்க்கமூலத்தைத் தாண்டியும் தேடுவது

வேண்டாம். எண் பகு எண்ணாக இருந்தால், ஒரு காரணியாவது வர்க்கமூலத்துக்குள்ளேயே கிடைத்துவிடும்.

விடையைப் பெருக்கிப் பார்க்காதது

கோல் பெருக்கித்தான் காட்டினார்.