லினக்ஸின் /ப்ராக் அடைவைப் பூட்டுவது எப்படி?

லினக்ஸில் /ப்ராக் அடைவைத் திறந்தால் கோப்புகள் குவிந்து கிடக்கும். வட்டில் தேடினால் ஒன்றுகூட இருக்காது. நீங்கள் படிக்கும் நொடியில் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல், ஓடும் நிரல்களைப் பற்றித் தன் நினைவகத்தைப் பார்த்துப் பதில் எழுதித் தருகிறது. இதுதான் மெய்நிகர் கோப்பமைப்பு. சிக்கல் என்னவென்றால், யார் கேட்டாலும் அது பெரும்பாலும் பதில் சொல்லிவிடும்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

1. முதலில் ஓட்டையைக் கண்ணால் பாருங்கள். சோதனைக் கணினி ஒன்றில் இரண்டு சாதாரணக் கணக்குகளை உருவாக்கி, ஒன்றில் "ஸ்லீப் 600" ஓட்டுங்கள் (600 நொடி சும்மா காத்திருக்கும் நிரல்). மற்றொன்றில், ஓடும் நிரல்களை /ப்ராக்கிலிருந்து படித்துப் பட்டியலிடும் "பிஎஸ் ஆக்ஸ்" தட்டினால் அந்த வரி அப்படியே தெரியும். 600 இருக்கும் இடத்தில் ஒரு கடவுச்சொல் இருந்தால்? நானும் பல மாதங்கள் அப்படித் தட்டியவன்தான்.

2. "ஃபைண்ட்மவுண்ட் /ப்ராக்" தட்டுங்கள் (கட்டளையில் இரண்டாம் பாதி 'எம்என்டி' என்ற மூன்றே எழுத்து). /ப்ராக் எந்த விருப்பங்களோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று அது காட்டும். நோஸூயிட் (செட்யூஐடிக்குத் தடை), நோஎக்ஸெக் (நிரல் ஓட்டத் தடை), நோடெவ் (சாதனக் கோப்புகளுக்குத் தடை) மூன்றும் இருக்க வேண்டும், பெரும்பாலும் இருக்கும். 2006இல் வெளிப்பட்ட ஒரு பிழையில், /ப்ராக்கின் என்விரான் கோப்பை செட்யூஐடி நிரலாக (யார் ஓட்டினாலும் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும் நிரல்) மாற்றி ஓட்டி, சாதாரணப் பயனர் ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகி) ஆக முடிந்தது. முதல் இரண்டு விருப்பங்களும் அந்த வழியை அடைத்தன.

3. ரூட்டாக "மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஹைட்பிஐடி=2 /ப்ராக்" கொடுங்கள். 2012இல், கெர்னல் 3.3இல் வந்த வசதி இது. மதிப்பு 1 என்றால் பிறருடைய செயல்முறை (ஓடும் நிரல்) எண்கள் தெரியும், அவற்றின் அடைவுகளுக்குள் நுழைய முடியாது. 2 என்றால் எண்களே தெரியாது. முதல் படியை மீண்டும் செய்யுங்கள். ஸ்லீப் காணாமல் போயிருக்கும். ரூட்டுக்கு மட்டும் எல்லாம் தெரியும்.

அவசரப்பட்டு அலுவலக சர்வரில் இதைச் செய்துவிடாதீர்கள். கண்காணிப்பு நிரல்கள் குருடாகிவிடும். பயனர் உள்நுழைவுகளைக் கவனிக்கும் சிஸ்டம்டியின் லாகின்டியும் தடுமாறலாம். இவற்றுக்கென ஒரு குழுவை உருவாக்கி, அதன் எண்ணை "ஜிஐடி=" என்று சேர்த்தால் அந்தக் குழுவுக்கு மட்டும் விலக்கு கிடைக்கும்.

4. எல்லாம் சரியாக ஓடினால், இதே விருப்பங்களை, தொடக்கத்தில் இணைக்க வேண்டியவற்றைப் பட்டியலிடும் /ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் /ப்ராக்குக்கான வரியாக எழுதுங்கள். இல்லாவிட்டால் மறுதொடக்கத்தில் போய்விடும். தொடும் முன் கோப்பை நகல் எடுங்கள்.

5. கெர்னலின் நடத்தையை மாற்றும் சிஸ்சிடிஎல் அமைப்பில் "கெர்னல்.கேபிடிஆர்_ரெஸ்ட்ரிக்ட்=2", "கெர்னல்.டிமெஸ்க்_ரெஸ்ட்ரிக்ட்=1" என இரண்டு வரிகள். முதலாவது கெர்னல் முகவரிகளைப் பூஜ்யமாக்கிக் காட்டும். இரண்டாவது கெர்னல் பதிவுகளைச் சாதாரணப் பயனரிடமிருந்து மறைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் 2016இன் 'டர்ட்டி கவ்' போன்ற கெர்னல் பிழை நிற்காது. அதைப் பயன்படுத்தியதாக முதலில் தெரியவந்த நிரல் எழுதியது /ப்ராக்கில் உள்ள தன் சொந்த மெம் (நினைவகக்) கோப்பில்தான். ஒருவருடைய சொந்தச் செயல்முறையை அவரிடமிருந்தே ஹைட்பிஐடி மறைப்பதில்லை. அந்தப் பிழையை அடைக்கத் திருத்திய கெர்னலை நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்யத்தான் வேண்டியிருந்தது.