பூட்டபிள் பென்டிரைவ்: அந்தப் பத்து நிமிடத்தில் நடக்கும் தவறுகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துபோனது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட மனசில்லாமல், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாமா என்று கேட்பவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். தாராளமாகப் போடலாம். ஆனால் பலர் நிறுவும் கட்டம் வரைக்கும் வருவதே இல்லை. பூட்டபிள் பென்டிரைவ், அதாவது கணினியையே தொடக்கிவைக்கக்கூடிய பென்டிரைவ், தயாரிக்கும் பத்து நிமிடத்திலேயே சிக்கிக்கொள்கிறார்கள்.

இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பைக் காப்பி செய்து பென்டிரைவில் போட்டுவிட்டு, “பூட் ஆகவில்லையே” என்பார்கள். ஆகாது. ஐஎஸ்ஓ என்பது ஒரு டிஸ்க்கை அப்படியே படியெடுத்து ஒரே கோப்பாகக் கட்டிவைத்தது. அதை பென்டிரைவில் முறையாக எழுத ரூஃபஸ், பலேனா எட்சர் மாதிரி ஒரு மென்பொருள் வேண்டும். வென்டாய் மட்டும் விதிவிலக்கு. அதை ஒருமுறை பென்டிரைவில் ஏற்றிவிட்டால், பிறகு ஐஎஸ்ஓவை வெறுமனே காப்பி செய்தாலே போதும். அதை யாரோ சொல்லக் கேட்டுத்தான் இந்தக் குழப்பம் வருகிறது என்று நினைக்கிறேன்.

எழுதத் தொடங்கினால் பென்டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். இது பலருக்குத் தெரியும். வேறு டிஸ்க்கில் எழுதிவிடக்கூடும் என்பதுதான் நினைவில் நிற்பதில்லை. நான் ஒருமுறை லினக்ஸ் டெர்மினலில் டிடி கட்டளையால் எழுதினேன். முந்தின நாள் லினக்ஸ் பென்டிரைவுக்குக் கொடுத்திருந்த பெயர் எஸ்டிபி (sdb). அதே நினைப்பில் எஸ்டிபி என்றே அடித்து என்டர் தட்டினேன். அன்றைக்கு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை முதலில் செருகியிருந்ததால், அந்தப் பெயர் அதற்குப் போயிருந்தது. பென்டிரைவின் விளக்கு சும்மா இருக்க, ஹார்ட் டிஸ்க்கின் விளக்கு மினுக்கியபோதுதான் உறைத்தது. நிறுத்துவதற்குள், டிஸ்க்கில் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் பார்ட்டிஷன் அட்டவணை போய்விட்டது. அக்கா கல்யாணப் போட்டோக்களில் ஒரு பகுதி கடைசிவரை கிடைக்கவில்லை.

டிடி “நிச்சயமா?” என்று ஒரு வார்த்தை கேட்காது. அதனால் மற்ற டிஸ்க்குகளைக் கழற்றிவிடுங்கள். இணைந்திருக்கும் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையை பென்டிரைவ் செருகும் முன் ஒருமுறை, செருகிய பின் ஒருமுறை ஓட்டுங்கள். புதிதாக வந்திருக்கும் பெயர்தான் உங்களுடையது. அளவும் பொருந்த வேண்டும். 16 ஜிபி பென்டிரைவ் 15-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். ரூஃபஸ் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குகளைத் தானாகப் பட்டியலில் காட்டாது. புதியவர்களுக்கு ரூஃபஸை நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

கோப்பு சரியாக இறங்கியதா என்று பார்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாதியில் அறுந்த ஐஎஸ்ஓ, நிறுவும்போது நடுவில் நின்று உயிரை வாங்கும். இறக்கிய கோப்பின் எஸ்எச்ஏ256 எண்ணை (கோப்பின் கைரேகை மாதிரி) அதிகாரபூர்வத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட ஒரு நிமிடம்தான் ஆகும். டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்த்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் தளமே தவறானவர்கள் கையில் போகலாம். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் ஊடுருவியவர்கள், 17.3 சினமன் பதிப்பின் இணைப்பையே பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள்.

ரூஃபஸில் எம்பிஆர், ஜிபிடி என்று (இவை டிஸ்க்கைப் பகுதி பிரிக்கும் பழைய, புதிய முறைகள்) கேட்கும் இடத்தில் குத்துமதிப்பாக எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்போடு வந்த கணினி என்றால் அதில் பெரும்பாலும் யுஇஎஃப்ஐ என்ற புதிய வகைத் தொடக்க மென்பொருள் இருக்கும், அதற்கு ஜிபிடி போதும். அதைவிடப் பழையது என்றால் எம்பிஆர். விண்டோஸ் பென்டிரைவ் செய்கிறவர்களுக்கு இன்னொன்று: ஃபேட்32 என்ற பென்டிரைவ் ஃபார்மேட்டில் 4 ஜிபியைத் தாண்டிய ஒரு கோப்பு உட்காராது. விண்டோஸின் இன்ஸ்டால் கோப்பு பல ஐஎஸ்ஓக்களில் அதைத் தாண்டிவிடுகிறது. ரூஃபஸ் இதைத் தானே சமாளித்துக்கொள்ளும்.

அப்புறம், பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புத் திரை) செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பைத் தொடுவதற்கு முன், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். பல லேப்டாப்களில் நமக்குத் தெரியாமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். அமைப்பை மாற்றியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தால் அதை முன்பே எடுத்துத் தாளில் எழுதிவையுங்கள்.

பென்டிரைவில் இருந்து மின்ட் வந்ததும் அவசரப்பட்டு ‘இன்ஸ்டால்’ ஐகானை அழுத்த வேண்டாம். வைஃபை பிடிக்கிறதா, பாட்டு கேட்கிறதா, டச்பேட் நகர்கிறதா என்று அங்கேயே கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். சரி என்றால் நிறுவுங்கள். முடிந்ததும் பென்டிரைவைக் கழற்றி என்டர் தட்டச் சொல்லும். கழற்ற மறந்தால், சில கணினிகளில் மறுபடி அதே நிறுவல் திரைதான் வந்து நிற்கும்.