மோட்டார்ஹோமின் எலக்ட்ரிக் படி: புது மோட்டார் வாங்குவதற்கு முன்

போன மாதம் நண்பர் ஒருவரின் மோட்டார்ஹோமுக்கு, அதாவது உள்ளேயே தங்கும் வசதியுள்ள வீட்டு வண்டிக்கு, அடியில் படுத்திருந்தேன். கதவு திறந்ததும் ஏறி இறங்கத் தானாக வெளியே வரும் எலக்ட்ரிக் படியில்தான் கோளாறு. கதவைத் திறந்தால் படி பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறது, சில நேரம் அசையவே மாட்டேன் என்கிறது. அவர் புது மோட்டாரைப் பெட்டியோடு கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். "பன்னிரண்டு வோல்ட் வருதுங்க, நானே மீட்டர் வச்சுப் பார்த்தேன். மோட்டார்தான் போயிருக்கு" என்றார். பல வருடங்களுக்கு முன் இதே வார்த்தைகளை நானும் சொல்லியிருக்கிறேன். பெட்டியைப் பிரிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, படியின் எர்த் ஒயர், அதாவது கரன்ட் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பிப் போகும் ஒயர், எங்கே போகிறது என்று தேட ஆரம்பித்தேன்.

அன்று வீட்டுக்கு வந்த பிறகும் மனம் ஆறவில்லை. புதிதாக வண்டி வாங்குகிறவர்கள் நான் செய்த தவறுகளை அதே வரிசையில் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஸ்விட்ச் ஆஃபில் இருந்தது, பேட்டரி இறங்கிவிட்டது, மடிப்பில் கல் சிக்கியது போன்றவற்றை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் சரியாக இருந்தும் படி ஓடவில்லை என்றால் அப்புறம் என்ன செய்கிறோம் என்பதில்தான் பணமும் நேரமும் போகிறது.

வேலை செய்யும் விதம் தெரியாமலே கழற்றத் தொடங்குவது

கதவில் ஒரு காந்தம், கதவு நிலையில் ஒரு காந்த ஸ்விட்ச். கதவு திறந்ததும் ஸ்விட்ச் தகவல் கொடுக்கும், படியோடு இருக்கும் கன்ட்ரோல் யூனிட் மோட்டாரை ஓட்டும், மோட்டார் கியர்பாக்ஸ் வழியாக ஒரு இணைப்புக் கம்பியைத் தள்ளும், படி வெளியே வரும். கடைசி வரை வந்து முட்டியதும் மோட்டார் இழுக்கும் கரன்ட் சட்டென்று ஏறும். பல படிகளில் அந்த ஏற்றத்தை வைத்துத்தான் "வந்து சேர்ந்துவிட்டது" என்று யூனிட் முடிவு செய்து மோட்டாரை நிறுத்துகிறது.

இதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. கீல் துருவேறி இறுகியிருந்தால் பாதி வழியிலேயே கரன்ட் ஏறும், யூனிட்டும் நிறுத்திவிடும். அது யூனிட்டின் குற்றமல்ல. முதலில் பியூஸைக் கழற்றுங்கள். பிறகு மோட்டாரையும் படியையும் சேர்க்கும் பின்னை உருவிவிட்டு, படியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கோளாறு மின்சாரப் பக்கம். முக்கி முனகி வந்தால் கீலைச் சுத்தம் செய்யாமல் ஒயரைத் தொட வேண்டாம்.

இன்னொன்று: உள்ளே இருக்கும் ஸ்விட்சை ஆஃப் செய்து படியை வெளியிலேயே நிறுத்தியிருப்பீர்கள். கதவை மூடி இக்னிஷனைப் போட்டதும் அது தானாக உள்ளே போகும். படி நீட்டியபடி வண்டி நகரக் கூடாது என்பதற்காகப் பல படிகளில் இருக்கும் ஏற்பாடு இது. இது தெரியாமல், படி தன்னிஷ்டத்துக்கு ஓடுகிறது என்று நல்ல யூனிட்டைக் கழற்றி எறிந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

படி ஓடாமல் இருக்கும்போது வோல்ட் பார்ப்பது

இதைப் பற்றித்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிற தவறு இது.

என் முதல் வண்டியில் படி காலையில் ஒழுங்காக வரும், மதியம் வராது. மீட்டர் வைத்தேன், யூனிட்டின் கனெக்டரில் 12.5 வோல்ட். மின்சாரம் வருகிறது, படி ஓடவில்லை, அப்படியானால் யூனிட் போய்விட்டது என்று கணக்குப் போட்டேன். புது யூனிட் வாங்கி மாட்டினேன். படி அருமையாக ஓடியது. நான்கு நாள் கழித்து மறுபடியும் அதே கதை. சரி, பழைய மோட்டார்தான் யூனிட்டைக் கெடுத்திருக்கும் என்று நினைத்து மோட்டாரையும் மாற்றினேன். இம்முறை ஒரு வாரத்துக்கு மேல் ஓடியது.

பிறகு ஒரு ராத்திரி கதவைத் திறந்தேன். படி ஒரு சாண் அசைந்து நின்றது. அந்த நொடியில், படிக்கு மேலே எரிந்துகொண்டிருந்த விளக்கு மங்கி, மறுபடி பிரகாசமானது. திரும்பவும் கதவை மூடித் திறந்தேன். மோட்டார் முயலும்போதெல்லாம் விளக்கு மங்கியது. டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் போய் எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே நகர்ந்தேன். சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், ஒரு போல்ட்டில் முடிந்தது. துரு பிடிக்காமல் இருக்க அடிக்கும் கருப்புப் பூச்சு அதன் மேல் தடிமனாகப் படிந்திருந்தது. பார்வைக்கு அசைக்க முடியாத இணைப்பு. விரலால் தொட்டேன், ஒயர் முனை சுழன்றது. கழற்றியதும் பச்சைக் களிம்பு பொடியாக முகத்தில் கொட்டியது. ஒயரின் தோலைச் சீவிப் பார்த்தால் ஒரு கையளவு தூரத்துக்குச் செம்பு கருத்துப் போயிருந்தது.

யூனிட் நன்றாகத்தான் இருந்தது. மோட்டாரும் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஏன் ஒவ்வொரு முறை மாற்றியதும் படி ஓடியது? பாகத்தைக் கழற்றும்போது ஒயரை இழுத்தேன், அசைத்தேன். அதில் அந்த முனை லேசாகத் திரும்பி, கொஞ்சம் நல்ல உலோகத்தைத் தொட்டுக்கொண்டது. சில நாளில் அங்கேயும் களிம்பு. தற்செயலாகக் கிடைத்த அந்தத் தொடர்பை நான் புது பாகத்தின் பலன் என்று எடுத்துக்கொண்டேன். இந்தத் தவறு இத்தனை பேரை ஏமாற்றக் காரணம் அதுதான். தப்பான பாகத்தை மாற்றினாலும் சரி செய்துவிட்டது போலவே தெரியும்.

மீட்டர் பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட கேள்விதான் தப்பு. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகாஓம். 12 வோல்ட்டில் அது இழுப்பது ஒரு மைக்ரோஆம்பியரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். நூறு இழையில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கரன்ட் தாராளமாகப் போகும், திரையில் 12.5 தெரியும். மோட்டார் 15 ஆம்பியர் இழுக்கப் பார்க்கிறது என்று வையுங்கள். களிம்பு பிடித்த முனையில் 0.3 ஓம் தடை இருந்தாலே 4.5 வோல்ட் அங்கே தொலைந்துவிடும். மோட்டாருக்கு மிஞ்சுவது ஏழரை, எட்டு வோல்ட். ஓம் அளவில் வைத்து அந்தத் தடையைப் பிடிக்கலாமா என்றால் அதுவும் கஷ்டம். மீட்டரின் ஒயர்களுக்கே கிட்டத்தட்ட அந்த அளவு தடை இருக்கும்.

செய்ய வேண்டியது இது. பேட்டரி வரை எட்டும்படி ஒரு நீளமான ஒயரை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரின் கருப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் வையுங்கள், சிவப்பு முனையை யூனிட்டில் எர்த் ஒயர் வந்து சேரும் இடத்தில் வையுங்கள். ஒருவரைக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். படி நகரும் அந்த இரண்டு மூன்று நொடிகளில் மீட்டர் என்ன காட்டுகிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய பதில். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் பக்கம் நல்லது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் எங்கோ களிம்பு இருக்கிறது. பாசிட்டிவ் பக்கமும் இதே போல, பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்துக்கும் யூனிட்டில் வந்து சேரும் பாசிட்டிவ் ஒயருக்கும் இடையே பாருங்கள். நண்பரின் வண்டியில் எர்த் பக்கம் மூன்று வோல்ட்டைத் தாண்டியது. மோட்டார் பெட்டி பிரிக்காமலே கடைக்குத் திரும்பிப் போனது.

ஒரு எச்சரிக்கை. மோட்டார் முயலவே இல்லையென்றால் கரன்ட் ஓடாது, மீட்டரும் பூஜ்யம் காட்டும். அதைப் பார்த்து எர்த் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். அப்படிப்பட்ட நேரத்தில் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை, யூனிட்டுக்கு வரும் பாசிட்டிவ் ஒயருக்கும் அதே யூனிட்டின் எர்த் ஒயருக்கும் இடையே பொருத்துங்கள். அது நான்கரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் கொஞ்சம் தைரியமாக யூனிட் பக்கம் போகலாம். மங்கலாக எரிந்தால் ஒயரில்தான் வேலை.

சரி செய்யும்போது பழைய முனையை உப்புத்தாளால் தேய்த்துத் திரும்ப மாட்டினால் போதாது. செம்பு பளபளக்கும் இடம் வரை ஒயரை வெட்டிப் புது முனை போடுங்கள். சேஸிஸில் பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பைத் தெரிய வையுங்கள். பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்கிய பிறகு பூச்சு அடியுங்கள். அடித்துவிட்டு இறுக்கினால் பூச்சின் மேல் எர்த் உட்காரும்.

வேறு பேட்டரியைப் பார்த்துவிட்டுத் திருப்தியடைவது

மோட்டார்ஹோமில் வண்டிக்கு ஒரு பேட்டரி, வீட்டுப் பகுதிக்கு ஒரு பேட்டரி. உள்ளே விளக்கும் பம்ப்பும் ஓடுவதால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல வண்டிகளில் படிக்கு மின்சாரம் வருவது வண்டி பேட்டரியிலிருந்து. சிலவற்றில் வீட்டு பேட்டரி. உங்கள் வண்டியில் எது என்று ஒயரைத் தொடர்ந்து போய்ப் பார்த்து, பியூஸ் இருக்கும் இடத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்.

எரிந்த பியூஸுக்குப் பதில் பெரிய பியூஸ்

வேண்டவே வேண்டாம். அடுத்து எரிவது ஒயர்.

மோட்டாருக்கு நேரடி மின்சாரம் கொடுத்து, விடாமல் பிடிப்பது

மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் யூனிட்டிலிருந்து பிரித்து, பியூஸ் போட்ட ஒயர் வழியாகப் பேட்டரியிலிருந்து கொடுத்துப் பார்ப்பது நல்ல சோதனை. ஒயரை மாற்றிப் பிடித்தால் படி எதிர்த் திசையில் போகும். ஆனால் இப்போது நிறுத்துவதற்கு யூனிட் இல்லை, நீங்கள்தான் நிறுத்த வேண்டும். படி முட்டிய பிறகும் பிடித்துக்கொண்டிருந்தால் கியர் பல் உதிரும். தொட்டு எடுங்கள், நகர்கிறதா என்று தெரிந்தால் போதும்.

கதவின் காந்தத்தை மறப்பது

வருடங்கள் போகப் போகக் கதவு கீலில் தொய்ந்து இறங்கும். காந்தமும் அதோடு இறங்கி ஸ்விட்சை விட்டு விலகும். மேடு பள்ளமான இடத்தில் நிறுத்தினால் மட்டும் படி மக்கர் செய்கிறது என்றால் முதலில் இங்கே பாருங்கள். கையில் ஒரு காந்தத்தை வைத்து ஸ்விட்சின் அருகே கொண்டுபோய் எடுத்துப் பாருங்கள். படி ஒழுங்காகப் போய் வந்தால் ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது, கதவைத்தான் தூக்கிப் பொருத்த வேண்டும்.

கீலில் கிரீஸை அப்புவது

ரோட்டு மண் அதில் ஒட்டி அரைபடும். பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, காய்ந்த பின் உலர் வகை சிலிகான் ஸ்பிரே.

யூனிட்டின் மேல் பிரஷர் வாஷர்

கனெக்டருக்குள் தண்ணீர் போகும். பக்கத்திலேயே போகாதீர்கள்.

பியூஸைக் கழற்றாமல் கையை விடுவது

ஒருமுறை இணைப்புக் கம்பியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்தவர் கொசு வருகிறதே என்று கதவைச் சாத்தினார். படி மடங்கியது. கையை இழுத்துவிட்டேன், கையுறையின் நுனி கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. உள்ளே விரல் இருந்திருந்தால் எலும்பு நொறுங்கியிருக்கும். அன்றிலிருந்து கையை விடும் முன் பியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். ஸ்விட்சை ஆஃப் செய்தால் போதாது. யாராவது இக்னிஷனைப் போட்டால் படி உள்ளே வரும் என்று மேலே சொன்னேன் அல்லவா.

வெளியே மாட்டிக்கொண்டு நிற்கும் படியோடு "மெதுவாகப் போய்விடலாம்" என்று கிளம்புவது

போகாதீர்கள். நடைபாதை விளிம்போ ஒரு ஆளின் முழங்காலோ அதில் சிக்கும். பியூஸைக் கழற்றி, இணைப்புப் பின்னை உருவி, படியைக் கையால் மடித்து, இறுக்கும் பட்டையால் சட்டத்தோடு இரண்டு இடத்தில் கட்டுங்கள். பிறகு கதவின் உட்பக்கம் கண் உயரத்தில் "படி இல்லை" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ராத்திரி எழுந்து இறங்குகிறவர் பழக்கத்தில் படி இருந்த இடத்தில்தான் காலை வைப்பார்.