களைப்பு நோயும் மனச்சோர்வும்: வீட்டிலும் கிளினிக்கிலும் விடும் பிழைகள்

நாட்பட்ட களைப்பு நோய் பலருக்கு ஒரு காய்ச்சலோடு தொடங்குகிறது. காய்ச்சல் போய்விடும், களைப்பு போகாது. அதோடு பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்தால் வீட்டில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். "எல்லாம் மனசுதான், எழும்பி நடந்தாச் சரி" என்பது ஒன்று. "இது உடம்பு வருத்தம், மனநல கிளினிக்குக்குப் போனா ஊர் என்ன சொல்லும்" என்பது மற்றது. இரண்டுமே பிழை. இந்த நோய் உடலின் நோய். அது வந்தவருக்கு மனச்சோர்வும் வரலாம், வந்தால் அதற்குத் தனியாக மருத்துவம் வேண்டும்.

பெரிய பிழை, மனச்சோர்வுக்குச் சொல்லும் உடற்பயிற்சியை இவர்களுக்கும் சொல்வது. மனச்சோர்வு மட்டும் உள்ளவருக்கு நடை நல்லது. களைப்பு நோயில், தாங்கும் அளவை மீறினால் 12 முதல் 48 மணி நேரம் கழித்து உடல் விழும், எழும்ப நாட்களோ வாரங்களோ ஆகும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குப் போய் இரவு முழுக்க நின்றவர் மூன்றாம் நாள்தான் படுக்கிறார். "அண்டைக்கு நல்லாத்தானே நிண்ட" என்று வீட்டார் சொல்வது இந்தத் தாமதம் தெரியாததால். பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையை இந்த நோய்க்குக் கொடுக்கக் கூடாது என்று பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் நிறுவனத்தின் வழிகாட்டி 2021இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. மனநல ஆலோசனை, நோயோடு வாழும் துயரைக் குறைக்க உதவும். நோயை மாற்றும் என்று நம்பிப் போகக் கூடாது.

அதற்காக ஆளை அறைக்குள் விட்டுவிடவும் கூடாது, தனிமை மனச்சோர்வை வளர்க்கும். பின்னேரம் வாசலில் ஐந்து நிமிடம் இருத்தல், பிடித்த ஒருவரோடு சின்னதாக ஒரு போன் கதை, இவை போதும். களைப்பு வந்த பிறகு நிறுத்துவதல்ல, வருமுன் நிறுத்துவதுதான் முறை.

இரண்டு வாரம் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: அன்று செய்த வேலை, மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஒரு எண். தேங்காய் திருவி, தண்ணீர் அள்ளிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ மட்டும் எண் இறங்கினால், அது பெரும்பாலும் உடல் விழுந்ததன் பகுதி, ஓய்வோடு ஏறும். வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் இரண்டு வாரமாக எண் கீழேயே கிடந்தால் மனச்சோர்வைப் பார்க்க வேண்டும். இன்னொரு கேள்வியும் உதவும்: "நாளைக்கு உடம்பு சுகமாகினா முதல்ல என்ன செய்வீங்க?" களைப்பு நோயாளி ஒரு பட்டியலே சொல்வார். மனச்சோர்வு ஆழமாக இருப்பவருக்குச் சொல்ல ஒன்றுமே வராது.

மனச்சோர்வை அளக்கக் கிளினிக்கில் நிரப்பும் ஒன்பது கேள்வித் தாளைக் கூட்டுத்தொகையால் மட்டும் தீர்ப்பதும் பிழை. களைப்பு, தூக்கம், கவனம், அசைவின் வேகம் ஆகிய நான்கு கேள்விக்கும் 3 புள்ளி போட்டாலே 12 வந்துவிடும். நடுத்தர மனச்சோர்வு 10இல் தொடங்குகிறது. ஆகவே விருப்பம் அற்றுப்போதல், துக்கம், தன்மேல் வெறுப்பு, சாக வேண்டும் என்ற நினைப்பு ஆகிய நான்கையும் தனியே பாருங்கள்.

பதற்றத்தில் விடும் பிழை வேறு. எழும்பி நின்றதும் நெஞ்சு படபடத்து, தலை சுற்றினால் எல்லாரும் பயம் என்கிறார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களின் வெக்கையில் இது கூடும். பத்து நிமிடம் படுத்திருந்து நாடியை எண்ணுங்கள். பிறகு சுவரில் சாய்ந்து நின்று 2, 5, 10ஆம் நிமிடங்களில் எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். மயக்கம் வந்தால் உடனே படுக்க வேண்டும். படுத்திருந்ததைவிட நாடி நிமிடத்துக்கு வளர்ந்தவருக்கு 30, அல்லது 12 முதல் 19 வயதினருக்கு 40, அல்லது அதற்கு மேல் கூடி, கூடியபடியே நின்றால் அது வெறும் பயமாக இல்லாமல் இருக்கலாம்; அந்த எண்களை எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள். நீர்க்குறைவும் இரத்தச்சோகையும் இப்படிச் செய்யும். உப்பும் தண்ணீரும் பலருக்கு உதவும், ஆனால் பிரஷர், சிறுநீரகம், இருதய வருத்தம் உள்ளவர்கள் கேட்காமல் கூட்டக் கூடாது.

குளிசையில் பலர் தவறுகிறார்கள். மனச்சோர்வுக் குளிசை வேலை காட்ட இரண்டு முதல் ஆறு வாரம் எடுக்கும். அது மனதைத் தூக்கும், களைப்பை எடுக்காது. "களைப்பு போகல்லயே" என்று பத்தாம் நாள் விட்டுவிடுவது வீண். களைப்பு நோயாளிகளுக்குப் பக்கவிளைவு கூடுதலாக வருவதால் குறைந்த அளவில் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். நினைத்தபடி சட்டென்று நிறுத்தாதீர்கள். தைரொயிட், இரத்தச்சோகை, சீனி பார்க்காமல் களைப்பு நோய் என்று முடிவு கட்டுவதும் கூடாது.

சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயந்து கேட்காமல் விடுகிறோம். கேட்பதால் வராது. நேராகக் கேளுங்கள். ஆம் என்றால் தனியே விடாதீர்கள், வேளாண்மைக்கு வைத்திருக்கும் பூச்சிமருந்தை வீட்டை விட்டே அகற்றுங்கள், 1926ஐ அழையுங்கள். அது இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

கிளினிக் நாள் என்பதே ஒரு பெரிய உழைப்பு. மட்டக்களப்பின் படுவான்கரைக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வந்து வரிசையில் நிற்பவருக்கு அடுத்த இரண்டு நாள் போய்விடும். நம்பர் எடுக்க வேறொருவர் முதலில் போகட்டும்; நோயாளிக்குப் படுக்க ஓர் இடம் கேளுங்கள்; கிளினிக்குக்கு முந்தின நாளும் அடுத்த இரண்டு நாளும் வேறு வேலை வைக்காதீர்கள். அந்தக் கொப்பியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.