மெனோபாஸ் பற்றி நல்ல பாட்காஸ்ட் கண்டுபிடிப்பது எப்படி?

‘மெனோபாஸ்’ என்று மட்டும் போட்டுத் தேடாதீர்கள், குப்பையும் சேர்ந்தே வரும். எது உங்களைப் படுத்துகிறதோ அதையும் சேர்த்துப் போடுங்கள். எனக்கு விடியற்காலை மூன்று மணிக்குக் கழுத்தும் தலையணையும் வியர்வையில் நனைந்து விழிப்பு வரும், அதனால் ‘பெரிமெனோபாஸ் தூக்கம்’ (பெரிமெனோபாஸ் என்றால் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருடங்கள்), ‘இரவு வியர்வை’ என்று ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தேடினேன். படபடப்பு, மறதி, மூட்டுவலி, தோள் இறுக்கம்கூட இதனால் வரலாம், அதையும் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், பேசுகிறவர் மகப்பேறு மருத்துவரா என்று பாருங்கள். முதலில் ஹார்மோன் சிகிச்சை பற்றிய பகுதியைக் கேளுங்கள், ஆளின் தரம் அதிலேயே தெரிந்துவிடும். ஹார்மோன் என்றாலே புற்றுநோய் என்று முடித்துவிட்டால், ஹார்மோன் சிகிச்சையை மார்பகப் புற்றுநோயோடு இணைத்து 2002-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வின் பயத்திலேயே இன்னும் நிற்கிறார் என்று அர்த்தம். அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63, நாற்பதுகளில் இருக்கும் நமக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. எல்லோருக்கும் நல்லது என்று சொல்பவரும் வேண்டாம், மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாக அதைத் தருவதில்லை. பேச்சுக்கு நடுவே தன் சத்து மாத்திரையை விற்கிறாரா? சரி, அடுத்ததற்குப் போங்கள்.

நான் கீரை ஆயும்போது ஒரு காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன், சந்தேகம் வந்தால் போனில் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுவேன். ஆனால் 12 மாதம் மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் பாட்காஸ்ட் தேட வேண்டாம், நேராக டாக்டரிடம் போய்விடுங்கள்.