படுக்கும் முன் ஐந்து நிமிடம்: சிறுதொழில் நடத்துபவர்களுக்கு

சொந்தமாகத் தொழில் நடத்துபவர்களுக்கு வேலை முடிகிற நேரம் என்று ஒன்று கிடையாது. படுத்த பிறகுதான் சப்ளையர் பாக்கி, வராத பணம், திடீரென்று லீவு கேட்ட ஊழியர் என எல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். தூக்கம் கெட்டால் மறுநாள் சின்ன விஷயத்துக்கும் எரிச்சல். அது வாடிக்கையாளரிடமும் தெரிந்துவிடும்.

படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, செய்ய வேண்டிய வேலைகளைக் காகிதத்தில் எழுதிவிடுங்கள். அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, இனிமேல் செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள். 57 இளைஞர்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனால் அதில் ஒன்று கவனிக்க வேண்டியது: விவரமாக எழுத எழுதப் பலன் கூடியது.

அதனால் "சப்ளையர் பாக்கி" என்று மொட்டையாக எழுதாதீர்கள். "காலை 11 மணிக்குப் போன் செய்து, பாதியை இந்த வாரமும் மீதியை அடுத்த மாதமும் தரலாமா என்று கேட்க வேண்டும்" என்று எழுதுங்கள். கவலை அப்போது ஒரு வேலையாக மாறிவிடும். போனில் எழுத வேண்டாம். கையில் எடுத்ததும் ஆர்டர் மெசேஜ் கண்ணில் படும், அப்புறம் அதிலேயே அரை மணி நேரம் போய்விடும்.

தொழில் பணமும் வீட்டுப் பணமும் ஒரே கணக்கில் இருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள். கையில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாததே பெரிய பதற்றம்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் பட்டியல் போதாது; தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.