லேசிக்கா, ஸ்மைலா என்று கேட்பதற்கு முன்னால்

கண்ணுக்கு லேசர் சிகிச்சை செய்துகொண்டு கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று முடிவெடுத்ததும் பலரும் முதலில் தேடுவது, எந்த மெஷின் புதுசு என்பதைத்தான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. மடலைத் தூக்கிச் செய்யும் லேசிக்கா, மடல் இல்லாமல் சிறு வெட்டு வழியே செய்யும் ஸ்மைலா, எந்த முறை என்பதைச் சொல்ல வேண்டியது உங்கள் கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் தெளிந்த படலம் (கார்னியா).

கணக்கைப் பாருங்கள். கருவிழியின் நடுக் கனம் சராசரியாக 540 மைக்ரான், அரை மில்லிமீட்டரை விடக் கொஞ்சம் அதிகம். லேசிக்கில் சுமார் 110 மைக்ரானுக்கு ஒரு மடலைச் சீவித் தூக்குவார்கள். அதற்கு அடியில் பவரின் ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறக்குறைய 14 மைக்ரானை லேசர் கரைக்கும். எல்லாம் போக 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும். 300 கேட்கும் மருத்துவர்களும் உண்டு. கனம் 480, பவர் மைனஸ் 8 என்றால் மிஞ்சுவது 258தான், எல்லையை ஒட்டி நிற்கிற கணக்கு. இந்தக் கண்ணுக்கு "பண்ணிடலாம், ஒண்ணும் ஆகாது" என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கண்ணுக்குள் வைக்கும் ஐசிஎல் லென்ஸ் பற்றிப் பேசுபவரிடம் உட்காரலாம்.

கனம் மட்டும் போதாது. கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும் கூம்புவிழி நோய் தொடக்க நிலையில் இருந்தால் கண்ணாடிக் கடைச் சோதனையில் தெரியாது, கருவிழியின் வடிவத்தை வரைபடமாகக் காட்டும் டோபோகிராபி ஸ்கேனில்தான் பிடிபடும். தெரியாமல் லேசிக் செய்தால் கருவிழி இன்னும் புடைத்துக்கொள்ளும். கண்ணைக் கசக்கும் பழக்கத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு, இருந்தால் மறைக்காதீர்கள்.

நான் முந்தின நாள் வரை காண்டாக்ட் லென்ஸ் போட்டுவிட்டு ஸ்கேனுக்குப் போய் நின்றேன். லென்ஸ் அழுத்திய கருவிழி உண்மையான வடிவத்தைக் காட்டாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாஃப்ட் லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், கெட்டி லென்ஸ் என்றால் அதைவிட அதிக நாள் கழற்றி வைக்க வேண்டுமாம். அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது போய் நிற்பது இன்னொரு தவறு. மடல் சீவாமல் கருவிழியின் மேற்பரப்பிலேயே லேசர் படவிடும் பிஆர்கே செய்தால் மூன்று நான்கு நாள் எரியும், பார்வை தெளிய வாரங்கள் ஆகும். லேசிக்கில் மறுநாளே தெரியும், ஆனால் கண் உலர்வு சில மாதம் படுத்தலாம். ஆண்டுக்காண்டு பவர் மாறுகிறவர்களுக்கு இப்போது எதுவுமே வேண்டாம். நாற்பதைத் தொட்டவர்களுக்கோ, எந்த முறையானாலும் வெள்ளெழுத்துக் கண்ணாடி வரத்தான் செய்யும்.

அப்புறம், பேக்கேஜ் விலை பேசும் ஊழியரோடு பேச்சை முடித்துக்கொள்ளாதீர்கள். கத்தி பிடிக்கப்போகிறவரையே பார்த்து, ஸ்கேன் தாளை முன்னால் வைத்துக் கேளுங்கள்: வெட்டிய பிறகு எனக்கு எத்தனை மைக்ரான் மிஞ்சும்? பவர் கொஞ்சம் மிச்சம் இருந்துவிட்டால் மறுபடி செய்ய இடம் இருக்குமா?